வேலைநிறுத்தமா, கதவடைப்பா?



டிசம்பர் மாதம் சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிக்கும் காலம். காலையில் பனிமூட்டம் எளிதில் விலகாது. 2025 டிசம்பரில், திருவருகைக் கால ஞாயிறு ஒன்றில், ஏற்காட்டில் திருப்பலி முடிந்து வெளியே வந்த இளைஞர்கள் நால்வர் ஒரே கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். கால்பந்துச் செய்தி. இந்தியன் சூப்பர் லீக் போட்டிகள் அந்த ஆண்டு நடக்குமா நடக்காதா என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. அவர்களில் ஒருவர் கோபமாகவே சொன்னார்: "கோடிக்கணக்குல வாங்குறாங்க. அப்புறமும் ஸ்ட்ரைக் பண்றாங்க. பாக்குறவன் நெலமைய யாரு கேக்குறா?"

பக்கத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். காபித் தோட்டத்தில் வேலை செய்பவர். "ஸ்ட்ரைக்கா தம்பி, இல்ல லாக்-அவுட்டா? ரெண்டும் வேற வேற" என்று கேட்டார். இளைஞரிடம் பதில் இல்லை. எங்களிடமும் அந்த நேரத்தில் பதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து செய்திகளைத் தேடிப் படித்த பிறகுதான் அந்த அம்மா எவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டார் என்பது புரிந்தது.

தொழிலாளர் வேலைக்கு வர மறுத்தால் அது வேலைநிறுத்தம். வேலை செய்யத் தயாராக இருக்கும் தொழிலாளருக்கு முதலாளி கதவைச் சாத்தினால் அது கதவடைப்பு. மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தியக் கால்பந்தில் 2025ஆம் ஆண்டு நடந்தது இவற்றில் எது?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 2010 டிசம்பர் 8 அன்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், நாட்டின் கால்பந்து வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்து கொடுத்தது. அந்த உரிமை ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த ஃபுட்பால் ஸ்போர்ட்ஸ் டெவலப்மென்ட் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி ரூபாய் சம்மேளனத்துக்குச் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டின் மேல்தான் 2014இல் இந்தியன் சூப்பர் லீக் கட்டப்பட்டது. நம் மாநிலத்தின் சென்னையின் எஃப்.சி. அப்போது பிறந்த அணி. 2015இலும் 2017-18இலும் அது கோப்பை வென்றபோது, ஏற்காட்டிலும் நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்த பிள்ளைகளை நாம் பார்த்தோம்.

பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் என்றால் அது எந்த நாளில் முடியும் என்று முதல் நாளே தெரியும். 2025 டிசம்பர் 8. இதைக் கணக்குப் போட ஒரு நாட்காட்டி போதும். ஆனால் சம்மேளனத்தின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. புதிய ஒப்பந்தம் போட முடியாத நிலை. 2025 ஜூலை 11 அன்று, ஒப்பந்தத்தின் எதிர்காலம் தெளிவாகாததால் வரும் பருவத்தை நிறுத்தி வைப்பதாக அந்த நிறுவனம் தெரிவித்துவிட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்க வேண்டிய போட்டி இது.

அடுத்த மாதமே அதன் விளைவு கீழே இறங்கியது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி வீரர்கள், பணியாளர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஒடிசா அணி ஒப்பந்தங்களை இடைநிறுத்தியது. உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் சம்மேளனத்தின் சட்டவிதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் மேற்பார்வையில் புதிய டெண்டர் விடப்பட்டது. நவம்பர் 7 அன்று கெடு முடிந்தபோது ஒருவர்கூட ஏலம் கேட்டிருக்கவில்லை. இடையில் கோவாவில் சூப்பர் கோப்பை நடந்தது, அவ்வளவுதான். ஐ-லீக் போட்டியும் தொடங்க முடியாமல் தள்ளிப்போனது.

இந்தக் காலம் முழுவதும் வீரர்கள் என்ன கேட்டார்கள்? விளையாட விடுங்கள் என்று கேட்டார்கள். நவம்பரில் கூட்டாக ஓர் அறிக்கை விட்டார்கள். 2026 ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்டோர் காணொளி வெளியிட்டு, உலகக் கால்பந்து அமைப்பான பிஃபா தலையிட வேண்டும் என்று வேண்டினார்கள். பந்தைக் கீழே வைத்துவிட்டு மைதானத்தை விட்டு வெளியேறியவர்கள் இல்லை இவர்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர்கள். ஆகவே அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில், இது கதவடைப்பு. சட்டப் புத்தகம் அதை அப்படி அழைக்காமல் இருக்கலாம். ஆனால் நம் மலைக்காரர்களின் அகராதியில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

அப்படியானால் நம் இளைஞரின் கோபம் தவறா? தவறில்லை. அதை நாம் அலட்சியப்படுத்தவும் கூடாது. விளையாட்டைப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு, அதற்கெல்லாம் வருத்தப்படலாமா என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் தன் வாழ்நாள் முழுவதும் புவனோஸ் ஐரிசின் சான் லொரென்சோ அணியின் ரசிகராக, உறுப்பினர் அட்டை வைத்திருந்தவராக இருந்தார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். தெருவில் பந்து விளையாடிய சிறுவர்களுக்குத் தன் ஆலய வளாகத்தில் இடம் கொடுத்த லொரென்சோ மாசா என்ற குருவானவரிடமிருந்து பிறந்த அணி அது. ஓர் அணியை நேசிப்பது என்பது ஓர் ஊரை, ஒரு கூட்டத்தை நேசிப்பதுதான்.

நம் மலையிலிருந்து ஆட்டம் பார்க்கப் போவது சுலபமான காரியமும் அன்று. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும். அங்கிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். பெங்களூரு அதைவிடப் பக்கம், ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதனால்தான் நம் இளைஞர்கள் சிலர் மனத்தால் சென்னை அணியாக இருந்தாலும், நேரில் பார்ப்பதற்குப் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்துக்குப் போகிறார்கள். அதுவும் சென்னை அணி அங்கே ஆட வரும் நாளில். ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம், நுழைவுச்சீட்டு, இரவு கடைசி பேருந்து போய்விட்டால் சேலம் பேருந்து நிலையத்தில் விடியும்வரை காத்திருப்பு. இவ்வளவும் செய்து பார்க்கிற ஒருவரிடம், இந்த ஆண்டு ஆட்டம் உண்டா இல்லையா என்று சொல்லக்கூட எவரும் மெனக்கெடவில்லை. ஜூலையில் தொடங்கிய காத்திருப்பு ஐந்து மாதம், ஆறு மாதம் என்று நீண்டது. சென்னையில் சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் போன்ற ரசிகர் குழுக்கள் உண்டு. அவர்களுக்கு இருந்த வழியெல்லாம் சமூக வலைத்தளத்தில் கோபப்படுவது ஒன்றுதான்.

கோபம் நியாயமானது. அது போய்ச் சேர்ந்த முகவரிதான் தவறு.

அதே டிசம்பரில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். டிசம்பர் 13 அன்று லயோனல் மெஸ்ஸி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தார். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கிய மக்கள், பிரமுகர்களும் பாதுகாவலர்களும் அவரைச் சூழ்ந்து நின்றதால் அவரைப் பார்க்கவே முடியவில்லை. சிறிது நேரத்தில் அவர் கிளம்பிவிட்டார். பாட்டில்கள் பறந்தன, நாற்காலிகள் உடைந்தன. அந்த வன்முறையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாட்டின் முதல் நிலைக் கால்பந்துப் போட்டியை நடத்த ஏலம் கேட்க ஆளில்லாமல் போய் ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு மனிதரைக் காட்டிச் சில நிமிடங்களுக்குக் கோடிகள் திரட்ட முடிந்த நாட்டில், பதினான்கு அணிகள் ஆடுவதற்குப் பணம் வரவில்லை. காசு இல்லாமல் இல்லை. அது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் வேறு.

"கோடிக்கணக்குல வாங்குறாங்க" என்ற பேச்சையும் சற்று நிதானமாகப் பார்ப்போம். சில நட்சத்திர வீரர்கள் அப்படி வாங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் ஓர் அணி என்பது அந்த ஐந்தாறு பேர் மட்டும் அல்ல. இருக்கையில் உட்கார்ந்தே பருவத்தைக் கழிக்கும் இளம் வீரர், உடற்பயிற்சி மருத்துவர், சமையல்காரர், சீருடை துவைத்து மடித்து வைப்பவர், புல்தரையைப் பராமரிப்பவர், பேருந்து ஓட்டுநர் என்று ஒரு பெரிய குடும்பம் அதில் இருக்கிறது. ஆட்ட நாளில் மைதானத்துக்கு வெளியே சுண்டல் விற்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திர வீரருக்கு ஆறு மாதச் சம்பளம் நின்றால் சேமிப்பு குறையும். சீருடை துவைப்பவருக்கு ஒரு மாதம் நின்றாலே அடுப்பு எரியாது. பிஃபாவின் விதிகளில், இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைக்கும் அணிக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் தராவிட்டால் வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று 2018இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நல்ல விதி. ஆனால் அது வீரர்களுக்கானது. புல் வெட்டுபவர் எந்தப் பிஃபாவிடம் போவார்?

கால்பந்து வீரரின் வாழ்க்கை எவ்வளவு குறுகியது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். முப்பத்தைந்து வயதில் பெரும்பாலோருக்கு எல்லாம் முடிந்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் மட்டுமே சம்பாதிக்கும் ஒருவருக்கு ஒரு முழுப் பருவம் போவதென்றால் என்ன? நம் நாட்டில் அணிகள் திடீரென்று மறைவதும் புதிதல்ல. மகிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணி 2011இல் விலகியது. நமக்குப் பக்கத்திலேயே, கோயம்புத்தூரில் ஆடி 2018-19இல் ஐ-லீக் கோப்பையை வென்ற சென்னை சிட்டி அணி எங்கே? மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கிய அந்த மார்ச் மாத நாளில் கோவைக்குப் போய்வந்த சேலத்து ரசிகர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். 2021க்குப் பிறகு அந்த அணி தேசியப் போட்டிகளில் இல்லை. வெற்றி பெற்ற அணிக்கே இந்தக் கதி.

மற்ற நாடுகளில் வீரர்கள் உண்மையாகவே வேலைநிறுத்தம் செய்ததுண்டு. அங்கேயும் ரசிகர்கள் முதலில் வீரர்களைத்தான் திட்டினார்கள். இங்கிலாந்தில் 1961 வரை ஒரு வீரருக்கு வாரம் இருபது பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. மைதானம் நிரம்பி வழிந்தாலும் அதே இருபதுதான். ஜிம்மி ஹில் தலைமையில் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்த பிறகுதான் அந்த வரம்பு நீங்கியது. ஸ்பெயினில் 2011 ஆகஸ்டில் லீக்கின் முதல் வார ஆட்டங்கள் நடக்கவே இல்லை. சுமார் 200 வீரர்களுக்கு ஏறத்தாழ ஐந்து கோடி யூரோ சம்பளப் பாக்கி என்று சங்கம் சொன்னது. பாக்கி இருந்தது சிறிய அணிகளின் வீரர்களுக்கு. ஆனால் பெரிய அணிகளின் வீரர்களும் அவர்களோடு நின்றார்கள். நமக்குப் பிடித்தது உருகுவே கதை. 1948இல் அந்நாட்டு வீரர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லித் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஏழு மாதம் நீடித்தது. ஒப்துலியோ வரேலா அதில் முன்னின்றவர். அந்த மாதங்களில் அவர் கொத்தனார் வேலை செய்து பிழைத்தார் என்று சொல்வார்கள். 1950 ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில் பிரேசிலை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைக் கையில் வாங்கிய தலைவர் இதே வரேலாதான்.

இன்னொரு சிறு செய்தி, சற்றுப் புன்னகையோடு. இன்றைய திருத்தந்தை 14ஆம் லியோ சிகாகோவைச் சேர்ந்தவர், அந்நகரின் வொயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர். 1994 ஆகஸ்டில் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து பருவமே ரத்தானபோது, தன் பிரிவில் முதலிடத்தில் இருந்த அணி எது தெரியுமா? வொயிட் சாக்ஸ்! அந்த ஆண்டு இறுதிப் போட்டித் தொடரே நடக்கவில்லை. அப்போது அவர் பெரு நாட்டில் மறைப்பணியில் இருந்தார். அங்கிருந்தபடி அவர் யாரை நொந்துகொண்டார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் 2025 மே மாதம் பணிப்பொறுப்பேற்றபோது, தொழிலாளர் உரிமை பற்றி 1891இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை எழுதிய 13ஆம் லியோவை நினைத்தே இந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதாக அவர் கர்தினால்களிடம் சொன்னார்.

அந்தச் சுற்றுமடல் சொல்வதன் சாரம் நாம் அறிந்ததே. கூலி என்பது இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் நியாயமாகிவிடுகிற ஒன்று அல்ல. தொழிலாளியும் குடும்பமும் மதிப்போடு வாழ அது போதுமா என்று பார்க்க வேண்டும். கூலியைப் பற்றி விவிலியம் இன்னும் கறாராகப் பேசுகிறது. கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்பது லேவியர் நூலின் சட்டம். பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதுகிறார் யாக்கோபு. இரண்டிலும் ஓர் ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். கூலி எவ்வளவு என்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. தாமதத்தைப் பற்றித்தான் பேச்சு. அதிகம் வாங்குபவருக்குத் தாமதமாகக் கொடுக்கலாம் என்ற விதிவிலக்கு அங்கே கிடையாது.

நம் மலை மக்களுக்குத் தாமதம் என்றால் என்னவென்று தெரியும். 2001, 2002 ஆண்டுகளில் உலகச் சந்தையில் காபி விலை சரிந்து கிடந்தது. நியூயார்க்கிலும் லண்டனிலும் எங்கோ எண்கள் இறங்கின. அதன் சுமை படிப்படியாக இறங்கி, சில்வர் ஓக் நிழலில் பழம் பறித்த கைகளில் வந்து உட்கார்ந்தது. அப்போது கூலி தள்ளிப்போன வீடுகளைச் சேர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். விலை ஏறினபோது கூலி அதே வேகத்தில் ஏறியதாக நமக்கு நினைவில்லை. கால்பந்திலும் இதே ஏணிதான். நீதிமன்றத்தில் வழக்கு, அதனால் சம்மேளனத்தின் கை கட்டப்பட்டது. அதனால் நிறுவனம் ஒதுங்கியது. ஒளிபரப்பு இல்லை, விளம்பரம் இல்லை. அதனால் அணி முதலாளி பணப்பையை மூடினார். ஏணியின் ஒவ்வொரு படியில் நின்றவரிடமும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. அணி உரிமையாளர்கள் பல ஆண்டுகளாக நட்டத்தில் நடத்தி வந்தார்கள் என்பதும் பொய்யல்ல. காரணமே சொல்ல இடமில்லாமல் நின்றவர் கடைசிப் படியில் இருந்தவர்தான்.

ஒரு வேறுபாடும் உண்டு. தோட்டத் தொழிலாளருக்கு 1951இலேயே தனிச் சட்டம் வந்தது. குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் என்று முதலாளியின் கடமைகள் அதில் எழுதப்பட்டன. அது முழுவதும் நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு கதை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தபோது அது அவற்றுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனாலும் கேட்பதற்கு ஒரு தாள் இருந்தது, ஒரு தொழிற்சங்கம் இருந்தது. இந்தியக் கால்பந்து வீரர்களுக்கு 2006இல் தொடங்கிய ஒரு சங்கம் உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் அதன் குரல் எவ்வளவு எடுபட்டது என்பதை அந்த ஜனவரிக் காணொளியே காட்டிவிட்டது. சொந்த நாட்டில் கேட்க ஆளிருந்தால் எவர் பிஃபாவிடம் கைநீட்டுவார்?

முடிவு எப்படி வந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பதினான்கு அணிகளோடு பிப்ரவரி 14 அன்று போட்டி தொடங்கும் என்று அறிவித்தார். சொன்னபடி தொடங்கியது. ஆனால் முந்தைய பருவத்தில் ஓர் அணிக்கு 24 லீக் ஆட்டங்கள். இந்தச் சுருக்கப்பட்ட பருவத்தில் 13. மொத்தம் 91 ஆட்டங்கள். ஆட்டம் பாதியானால் சம்பளமும் குறைய வேண்டும் என்ற பேச்சு உடனே எழுந்தது. நிறுத்தியது யார், குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கப்பட்டது யார் என்று பாருங்கள்.

ரசிகர்களைப் பற்றியோ எவரும் பேசவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தில், ஒவ்வொரு சம்மேளனத்திலும் வீரர்களுக்கென்று குழு இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டுள்ளது. வரவேற்க வேண்டியது. சீட்டு வாங்குபவருக்கு அங்கே இடமில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான தொழில்முறை அணிகளில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களான ரசிகர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்று விதி உண்டு. அது நம் நாட்டுக்கு அப்படியே பொருந்துமா என்று தெரியாது. ஆனால் தன் அணியின் கணக்கைப் பார்க்கும் உரிமை உள்ள ரசிகர், சம்பளம் நின்றால் முதல் மாதமே கேட்டிருப்பார். நம் இளைஞர்கள் வீரர்களைத் திட்டியதற்குக் காரணம் அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. திரையில் தெரியும் முகம் வீரரின் முகம் மட்டும்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களின் முகம் திரையில் வருவதில்லை.

அந்த ஞாயிறு கேள்வி கேட்ட அம்மாவுக்கு வருவோம். அவர் ஏன் அவ்வளவு அக்கறையாகக் கேட்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய இளைய மகனுக்குப் பதினைந்து வயது. இடதுகால் ஆட்டக்காரர். பனியில் கோல் கம்பம் தெரியாத காலையிலும் தனியாகப் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார். வெளியூரில் ஒரு பயிற்சி அகாடமியில் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தப் பையன் ஒரு பக்கம் துள்ளுகிறான், மூத்த மகன், கைப்பேசியைச் சுற்றி நின்ற அந்த நால்வரில் ஒருவர், "இந்த நெலமையில எதுக்கும்மா?" என்கிறார்.

ஜனவரியில் ஒரு மாலை அந்த அம்மா அகாடமியின் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஆறு பக்கம், முழுவதும் ஆங்கிலம். "இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். அன்று நாள் முழுவதும் பழம் பறித்துவிட்டு வந்திருந்தார். விரல்கள் கறுத்திருந்தன. கட்டணம், சீருடை, விடுமுறை நாட்கள், பிள்ளை ஒழுங்கு தவறினால் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் விரிவாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசிப் பக்கம் முடிந்ததும் சொன்னார்: "எம்பையன் தப்புப் பண்ணா என்னன்னு எழுதியிருக்காங்க. அவங்க மூடிட்டா என்னன்னு எங்க எழுதியிருக்கு?"

மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தேடினோம். இல்லை. லீக் நின்றுபோனாலோ, அகாடமியை நடத்துபவர்கள் செலவைக் குறைத்தாலோ, விடுதியும் உணவும் தொடருமா, பள்ளிப் படிப்புக்கு யார் பொறுப்பு, கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்று ஒரு வரியும் அதில் இல்லை.

அன்று இரவே அந்த மூன்று கேள்விகளையும் அவர் பெயரில் கடிதமாக எழுதினோம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இரண்டிலும் அவர் கையெழுத்துப் போட்டார். மூத்த மகன்தான் மறுநாள் சேலத்துக்குப் போய் அதைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார். படிவம் இன்னும் நிரப்பப்படாமல் அந்த அம்மாவின் வீட்டில், திருக்குடும்பப் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. பதில் வந்தபின் நிரப்பலாம் என்று சொல்லியிருக்கிறார்.